சுல்பிகாவைப் பார்க்க வந்தவர்கள்

கல்முனைக்குடியில் மீராசா வீடு எது என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். எக்ஸ்போ மீராசா என்று கேட்டால் கையைப் பிடித்து என் வாசலுக்கே கொண்டுவந்து விடுவார்கள். பட்டப்பெயர் வைத்தவர்கள் பகிடிக்குத்தான் வைத்தார்கள். எனக்கோ அதில் பெருமை. எண்பதாம் ஆண்டு செப்டம்பர் வரை பெருமையாகத்தான் இருந்தது.

நான் நீர்ப்பாசன அலுவலகத்தில் படம் வரைபவன். தண்ணீர் எந்தப் பக்கத்தால் வந்து எந்தப் பக்கத்தால் போகவேண்டும் என்று கோடு போடுவது என் தொழில். எழுபத்தோராம் ஆண்டு ஆற்றை அளக்க வந்த ஜப்பான் பொறியியலாளர் ஒருவர், ஊர் திரும்பும்போது பெட்டியில் பாரம் கூடிவிட்டது என்று ஒரு தடித்த புத்தகத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்கு முந்தைய வருடம் ஒசாக்காவில் நடந்த எக்ஸ்போ என்ற உலகக் கண்காட்சியின் வழிகாட்டி அது. அன்று பிடித்தது எனக்குப் பைத்தியம். காற்றை மட்டும் அடைத்துத் தூக்கி நிறுத்திய அமெரிக்காவின் கூரை, சுவரெல்லாம் கண்ணாடி பதித்த கனடாவின் அரங்கு, சந்திரனிலிருந்து எடுத்துவந்த ஒரு கல்லைப் பார்க்க மணிக்கணக்காக நின்ற சனம். ஒவ்வொரு நாடும் ஒரு வீடு கட்டி, தன்னிடம் உள்ள அழகையெல்லாம் அதற்குள் வைத்து, வந்து பாருங்கள் என்று உலகத்தையே கூப்பிடுகிறது. ஆறு மாதம் முடிந்ததும் உடைத்து அள்ளிவிடுகிறது. மனிதன் செய்த காரியங்களில் இதைவிடப் பெரியது ஒன்று உண்டா என்று யாராவது எனக்குச் சொல்லட்டும்.

கொழும்பிலுள்ள தூதரகங்களுக்கெல்லாம் கடிதம் எழுதினேன். எழுதியவற்றில் பாதிக்குப் பதில் வந்தது, படங்களும் வந்தன. மொன்ட்ரியால், ஒசாக்கா, ஒக்கினாவா என்று ஒரு ட்ரங்குப் பெட்டி நிறைந்தது. எழுபத்தெட்டுச் சூறாவளியன்று கூரை பறந்தபோது நான் முதலில் கட்டிப்பிடித்தது அந்தப் பெட்டியைத்தான் என்று என் மனைவி சரீபா இன்றைக்கும் சொல்லுவாள். பொய் இல்லை, அதனால்தான் எனக்குக் கோபம் வரும்.

வீட்டில் என் கதையைக் காது கொடுத்துக் கேட்டது ஒரே மகள் சுல்பிகா மட்டும்தான். எந்த நாட்டு அரங்கு எந்த மூலையில் இருந்தது என்று எட்டு வயதிலேயே சொல்லுவாள். அவளுக்கு வீடு கட்டும் காலம் வந்தது. எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கொடுப்பது தகப்பனின் கடமை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆண்பிள்ளை தாயின் வீட்டில் பிறந்து, மனைவியின் வீட்டில் வாழ்ந்து, மகளின் வீட்டில் மவுத்தாகிறான். எனக்கென்று ஒரு வீடு இந்தத் துனியாவில் கிடையாது. ஆனால் ஒரு வீட்டை என் விருப்பம்போல் கட்டிக் கொடுக்கலாம் அல்லவா?

ஒரு நாட்டு அரங்கைத்தான் கட்டினேன். வெளியே பார்த்தால் ஓட்டுக் கூரை போட்ட சாதாரண வீடு. உள்ளே போனால் தெரியும். முன்வாசலால் நுழைபவர் மண்டபத்தில் நேராக நடக்க முடியாது. வளைந்த சுவர் அவரை மெல்ல ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். நடுவில் சுவரை நாலடி உள்ளே வாங்கி ஒரு மாடம் வைத்திருந்தேன். மணப்பெண் குந்துவதற்கான இடம் அது. நேர் மேலே கூரையில் ஒரு கண்ணாடி ஓடு. அதைப் பார்த்துவிட்டு மறுபக்கம் வளைந்து நடந்தால் பின்வாசல் வந்துவிடும். வந்தவழியே திரும்பவேண்டிய தேவை எந்த இடத்திலும் வராது. ஒரு நல்ல அரங்கின் முதல் சட்டம் அதுதான். பின்வாசலுக்கு வளைவு மட்டும் வைத்தேன், கதவு வைக்கவில்லை. வெளியேறும் இடத்தில் கதவு இருந்தால் கூட்டம் தேங்கிவிடும்.

கட்டிய மேசன் சின்னப்போடி, பெரியநீலாவணை ஆள். வாயைப் பொத்திக்கொண்டு வேலை செய்யும் பழக்கம் அவனுக்கு இல்லை.

"காக்கா, உள்ள வாற வாசலுக்குக் கதவு வைக்கிறீங்க. வெளிய போற வாசலுக்கு வைக்கல்ல. பொழுதுபடுற மஃரிபு நேரம் உங்கட ஆக்கள் கதவெல்லாம் சாத்துவாங்களே, இதில எதச் சாத்துற?"

"நீ சுவரக் கட்டு சின்னப்போடி."

"கட்டுறன். பிறகு என்னைக் கூப்பிடாதீங்க."

ஒசாக்கா திறந்தது மார்ச் பதினைந்து. கலியாணமும் குடிபுகுதலும் எண்பதாம் ஆண்டு மார்ச் பதினைந்தில்தான் என்று அடம்பிடித்து நின்றேன். அன்று நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னமும் சிரிப்பு வரும். முன்வாசலால் மரியாதையாக உள்ளே வந்த ஆண்கள், சுவர் இழுத்த இழுப்புக்கு நடந்து, ஒன்றும் விளங்காமல் பின்வளவில் சமைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் போய் நின்றார்கள். பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு கத்தினார்கள். சாய்ந்தமருதிலிருந்து வந்த சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள் மூன்று பேர் அப்படிப் போய் மாட்டிக்கொண்டார்கள். சரீபா என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து போயிருக்க வேண்டும். நானோ, வீடு வேலை செய்கிறது என்று உள்ளுக்குள் துள்ளினேன்.

கலியாணத்துக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஊர்ப் பெண்கள் பொண் பார்க்க வருவார்கள். புதுப்பெண் நகை நட்டோடு தலையைக் குனிந்து, ஆடாமல் அசையாமல், வாய் திறக்காமல் குந்தியிருக்கவேண்டும். வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். சுல்பிகாவும் பின்நேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மாடத்தில் குந்துவாள். கண்ணாடி ஓட்டின் வெளிச்சம் அவள்மேல் விழும். மருமகன் ஹஸன் கல்முனை பஸாரில் தன் பிடவைக்கடையை அடைத்துவிட்டு மஃரிபுக்குத்தான் வருவார். அதுவரை வருவதும் போவதுமாகச் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். பக்கத்து வளவில் இருந்த எங்களுக்கும் கேட்கும்.

பதின்மூன்றாம் நாள் எங்கள் தெருவே உழவு மெஷின்களில் ஏறி வரிப்பத்தான்சேனைக்கு ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டது. சரீபாவும் போனாள். தலையிடி என்று சுல்பிகா மட்டும் நின்றாள். வேலை விட்டு வந்து எட்டிப் பார்த்தேன். மாடத்தில் நகையோடு குனிந்திருந்தாள்.

"என்ன மகள், தனியக் குந்திரிக்காய்?"

 மெல்ல நிமிர்ந்து, முதுகு வலிக்காரியைப் போல இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"தனிய இல்ல வாப்பா. இப்பதான் கடைசி ஆக்கள் போறாங்க."

பின்வளைவுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். வளவில் ஒரு கோழி நின்றது. தெருவில் ஒரு மனிசர் இல்லை. சிவப்புச் சீமெந்துத் தரையைப் பார்த்தேன். முன்வாசலிலிருந்து மாடத்தடிக்கும், மாடத்தடியிலிருந்து பின்வளைவுக்கும் கடற்கரை மணல் ஒரு பாதையாகக் கிடந்தது. மாடத்துக்கு முன்னால் மட்டும் கனமாகக் கிடந்தது, அந்த இடத்தில் நின்று கால் மாற்றிக்கொண்டதைப் போல.

வேறொரு தகப்பனாக இருந்திருந்தால் பிஸ்மி சொல்லி மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியிருப்பான். நான் கேட்டதை எழுத வெட்கமாக இருக்கிறது.

"எத்தின பேர் மகள்?"

"எண்ணல்ல வாப்பா. வரிசையா வாறாங்க. ஒருத்தரும் வந்த வழியால திரும்பல்ல."

என் உடம்பெல்லாம் புல்லரித்தது. பயம் என்று சொன்னால் அது பொய். உம்மாவிடமும் ஹஸனிடமும் சொல்லவேண்டாம் என்று சொன்னேன். அவளும் ஓம் என்றாள். சின்ன வயதிலிருந்து நான் சொன்ன எதற்கும் அவள் மாட்டேன் என்றதில்லை.

அடுத்த நாளிலிருந்து அரைநாள் லீவு போட்டுக்கொண்டு, கொப்பியும் பென்சிலுமாக மண்டபத்தின் மூலையில் குந்தினேன். யாரையும் நான் காணவில்லை. செருப்புத் தேயும் சத்தம் வரும், துணி உரசும் சத்தம் வரும். மாடத்தடியில் சத்தம் நிற்கும். கண்ணாடி ஓட்டிலிருந்து மகளின் முகத்தில் விழும் வெளிச்சம் மங்கும், பிறகு தெளியும், மறுபடி மங்கும். நான் எண்ணியது அந்த மங்கலைத்தான். ஏப்ரல் கடைசியில் ஒரு நாளைக்கு அறுபது. மே நடுவில் இருநூற்றைத் தாண்டியது. இரவில் கொப்பியைப் பார்த்துப் பார்த்துச் சந்தோசப்பட்டேன். ஒசாக்காவிலும் இப்படித்தான் மெல்லத் தொடங்கிப் பிறகு கூடியது.

அந்தக் கொப்பியில் இன்னொன்றையும் எழுதியிருக்கவேண்டும், எழுதவில்லை. முதலில் கடைசிச் சத்தம் போனதும் எழும்பிவிடுவாள். பிறகு கூப்பிட்டால்தான் எழும்பினாள். ஜூன் மாதம் இரண்டு தடவை தோளைத் தட்டவேண்டி வந்தது. தோள் பலகைபோல இருந்தது. அஸர் பாங்கு சொல்லுமுன்னே தலைவாரி, கலியாண நகையைப் போட்டு, ஒருவரும் சொல்லாமல் மாடத்தில் ஏறிவிடுவாள். சாப்பாடு குறைந்தது. கதை குறைந்தது. ஹஸன் நல்ல பிள்ளை, பொறுமைசாலி. ஒருநாள் கடையிலிருந்து நேரத்தோடு வந்து பார்த்துவிட்டு என்னிடம் ஓடிவந்தார். 

"மாமா, நான் முன்னால நிண்டு கூப்பிடுறன், அவ என்னப் பாக்கிறா இல்ல. எனக்குப் பின்னால நிக்கிற ஆரையோ பாத்துச் சிரிக்கிறா."

அன்றுதான் எனக்குப் பயம் பிடித்தது. இரண்டரை மாதம் பிந்திப் பிடித்தது.

பள்ளிவாசல் லெப்பையை அழைத்து யாஸீன் ஓதினோம். அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மஃரிபு நேரத்தில் சாத்த முடியாத வாசல் வைத்து எவன் வீடு கட்டினான் என்று என் முகத்துக்கு நேரே கேட்டார். சின்னப்போடியை மறுபடி கூப்பிட எனக்கு முகமில்லை. நானும் ஹஸனுமே பின்வளைவை மறைத்து ஒரு தகரக் கதவு அடித்தோம். அஸருக்கு முன் அதைப் பூட்டினோம். அரைமணி நேரத்தில் சுல்பிகா மாடத்திலிருந்து கீச்சுக் குரலில் கத்தினாள்.

"வாப்பா, இடமில்ல! மூச்சு முட்டுது வாப்பா!"

உள்ளே ஓடினேன். மண்டபத்தில் ஒருவரும் இல்லை. ஆனால் நடக்க முடியவில்லை. பெருநாள் பஸாருக்குள் புகுந்ததுபோலத் தோளும் முழங்கையும் இடித்துக்கொண்டுதான் பின்பக்கம் போய்ச் சேர்ந்தேன். தகரத்தைப் பிடுங்கி எறிந்தேன். என்னைத் தாண்டி அவர்கள் வெளியே போன காற்று நின்று முடிய நெடுநேரம் சென்றது. கண்காட்சியை மூடும்போது முதலில் நுழைவாசலை அடைப்பார்கள், உள்ளே நிற்பவர்கள் போன பிறகுதான் மற்ற வாசல். இது எனக்குத் தெரியாததா? அடுத்த நாள் முன்வாசலை அடைத்துப் பார்த்தோம். கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் கூடிக்கொண்டே போனது, மகள் உள்ளேயிருந்து எழும்பி வந்து தன் கையால் கதவைத் திறந்துவிட்டாள்.

ஜூலை நடுவில் நோன்பு பிறந்தது. அந்த மாதம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. சைத்தான்களுக்கு விலங்கு போட்டாயிற்று என்று சரீபா அழுதுகொண்டே சிரித்தாள். சுல்பிகா எங்களோடு நோன்பு திறந்தாள், ஹஸனோடு வாய்க்கு வாய் கதைத்தாள். பெருநாளைக்கு நான் வாங்கிக் கொடுத்த சட்டையைப் பார்த்து நிறம் சரியில்லை என்று சண்டை பிடித்தாள். அந்தச் சண்டைக்காக நான் அல்லாஹ்வுக்கு இரண்டு றக்காயத்துத் தொழுதேன்.

பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் திரும்பவும் வந்தார்கள். இந்தமுறை எண்ண முடியவில்லை. அவள் முகத்தில் வெளிச்சம் விழவே இல்லை. மஃரிபுக்குப் பிறகும் அவள் அசையவில்லை, இரண்டு பேராகத் தூக்கித்தான் படுக்கையில் கிடத்தினோம்.

கடைசி வாரங்களில் கூட்டம் மிஞ்சும் என்பது எனக்குப் புத்தகத்தால் தெரியும். ஒசாக்கா மூடிய நாளும் தெரியும். செப்டம்பர் பதின்மூன்று. மூடும்போது காட்சிக்கு வைத்த பொருட்களை என்ன செய்வார்கள் என்பதும் தெரியும். வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடைத்து ஆணி அடிப்பார்கள், கேட்டவர்கள் கொண்டு போவார்கள். ஒன்றைக்கூட அந்த இடத்தில் விட்டுவைக்க மாட்டார்கள். நானாகக் குறித்த நாள், நானாக வைத்த மாடம். என் மகளைப் பார்வைக்கு வைத்தவன் நான்தான்.

செப்டம்பர் பதின்மூன்று, சனிக்கிழமை. பகல் லுஹர் தொழுகைக்கு முன்னமே சுல்பிகாவைக் காரில் ஏற்றி, மருதமுனையில் என் கூடப்பிறந்த ராத்தா ஆமினா உம்மாவின் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். சரீபாவும் ஹஸனும் கூடப் போனார்கள். நகைகளை எல்லாம் கழற்றி வாங்கிப் பெட்டியில் பூட்டினேன். வீட்டை அகலத் திறந்து வைத்துவிட்டு நான் மாடத்தில் ஏறிக் குந்தினேன். கொண்டுபோவதென்றால் என்னைக் கொண்டுபோகட்டும். ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், பயத்துக்கு நடுவிலும் ஒரு ஆசை இருந்தது. வாழ்நாளில் ஒருதடவை நானும் ஒரு கண்காட்சிக்குள் இருக்கப்போகிறேன்.

அஸர் பாங்கு சொன்னது. முன்வாசலில் செருப்புச் சத்தம் ஏறியது. வளைவில் திரும்பியது. துணிகள் உரசின. நான் தலையைக் குனிந்து மூச்சைப் பிடித்தேன்.

ஒருவர்கூட நிற்கவில்லை. என் முகத்து வெளிச்சம் ஒரு கணமாவது மங்கவேண்டுமே, மங்கவில்லை. வழியில் கிடக்கும் வெற்றுக் கதிரையைக் கடப்பதுபோலக் கடந்து, பின்வளைவால் இறங்கி, வளவைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். கால்மணி நேரம் அப்படிப் போனது. பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் இந்த வீட்டைப் பார்க்க வந்தவர்கள் அல்ல. மாடத்திலிருந்து குதித்துப் பின்வாசலுக்கு ஓடினேன். வளவு மணல் முழுக்கச் செருப்புத் தடங்கள். எல்லாம் றோட்டுப் பக்கமாக, வடக்கே, மருதமுனைக்குப் போகும் பக்கமாக நீண்டு போயிருந்தன.

சைக்கிளை எடுத்து மிதித்தேன். சாரன் சங்கிலியில் சிக்கிக் கிழிந்தது, இறங்கவில்லை. பாண்டிருப்பைத் தாண்டியபோது எதிரே வந்தவர்கள் சலாம் சொன்னார்கள், நான் நிற்காமல் மிதித்தேன். மருதமுனையில் ராத்தாவின் ஒழுங்கைக்குள் திரும்பினேன். வழக்கமாக அந்த ஒழுங்கையில் கைத்தறிச் சத்தத்தில் பேச்சே கேட்காது. மற்ற வீடுகளில் தறி ஓடிக்கொண்டிருந்தது. ராத்தா வீட்டில் ஓடவில்லை.

ராத்தா முற்றத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். சரீபா தரையில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, நல்லாத்தானே கதைச்சிட்டிருந்தாள். அஸருக்குப் பிறகு ஆக்கள் வாறாங்க மாமி எண்டு சொல்லி, வாங்குப் பலகைய இழுத்து நடுவுல போட்டுக் குந்தினாள். ஹஸன் தூக்கப் பாத்தார். தூக்க ஏலாம இரிக்கி தம்பி, கல்லு மாதிரிக் கிடக்காள்."

உள்ளே போனேன். சின்ன வீடு. நேரான சுவர், முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு வாசல், இரண்டிலும் நல்ல பலகைக் கதவு. கதவு இரண்டும் திறந்து கிடந்தன. ஹஸன் வாங்கின் காலடியில் முழங்காலில் நின்று அவளின் கையைப் பிடித்திருந்தார். நகை இல்லை, கண்ணாடி ஓடு இல்லை. சாதாரண வீட்டுச் சட்டையோடு என் பிள்ளை தலையைக் குனிந்து குந்தியிருந்தாள். வாசல் வெளிச்சம் அவள் முகத்தில் மங்கியது, தெளிந்தது, மங்கியது.

"எழும்பு மகள். வாப்பா வந்திருக்கன். போதும் மகள்."

அசைவில்லை. தோளில் கிடந்த துவாயை விரித்து, அவளுக்கும் வாசலுக்கும் நடுவில் நின்று, அவள் முகத்துக்கு முன்னால் பிடித்தேன். என் முதுகுக்குப் பின்னால் அவர்கள் நிற்பது தெரிந்தது. பிடரியில் மூச்சுப் பட்டது. ஒன்பது வருடமாகக் கனவு கண்ட கூட்டம் அது. திரும்பியிருந்தால் பார்த்திருப்பேன். அல்லாஹ் அறிய நான் திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மஃரிபு பாங்கு சொல்லும்வரை என் பிள்ளையை அவர்களின் கண்ணில் காட்டாதே றப்பே என்று கேட்டுக்கொண்டே நின்றேன். கை கடுத்தது. துவாயைக் கீழே விடவில்லை.

சுல்பிகா மெல்லத் தலையைத் தூக்கினாள். அந்தக் கடைசி மாதத்தில் அந்த நேரத்தில் அவள் தலையைத் தூக்கியது அதுதான் முதல் தடவை. ஹஸன் அல்லாஹு அக்பர் என்று அழுதுவிட்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. துவாயின் ஓரத்தால் என்னைப் பார்த்தாள். அவளுக்கு என்னைத் தெரிந்தது, வாப்பா என்று தெரிந்துதான் பார்த்தாள். முகத்தில் கோபம் கிடையாது. வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல, குரலைத் தாழ்த்தி மரியாதையாகச் சொன்னாள்.

"வாப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பின்னால நிக்கிற ஆக்களுக்கு மறைக்குது."